"ஒப்புக்கொள்" திரையில் சிக்கிய ஸ்மார்ட் சாதனங்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்.

டிவியோ, விளக்கோ, ஸ்பீக்கரோ திடீரென்று "எங்கள் விதிமுறைகள் மாறியுள்ளன" என்று ஒரு திரையைக் காட்டி வேலை செய்ய மறுத்தால், அது பழுது இல்லை. யாரோ தெரிந்தே போட்ட பூட்டு. ஆனாலும் பழுது பார்க்கும் அதே ஒழுங்கில் போனால்தான் காரியம் ஆகும். முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். ரீசெட் செய்த சாதனம் தன்னை இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்ததாக நினைத்துக்கொள்ளும். புதிய விதிமுறைக்குச் சரி சொன்னால்தான் கண்ணைத் திறக்கும். பழைய கணக்கில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்ததும் போய்விடும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. உறவினர் வீட்டு கேமரா ஒன்று தினமும் அதே அறிவிப்பைக் காட்டித் தொல்லை செய்தது. ரீசெட் செய்தால் தொல்லை ஒழியும் என்று நினைத்தேன். அதுவரை அந்த அறிவிப்பை "பிறகு" என்று தள்ளிவிட முடிந்தது. ரீசெட்டுக்குப் பிறகு "பிறகு" என்ற பட்டனே இல்லை. புதுக் கணக்கு கேட்டது, தொலைபேசி எண் கேட்டது, பழைய பதிவுகளும் கண்ணில் படவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

## எதையும் அழுத்துவதற்கு முன்

திரையைப் புகைப்படம் எடுங்கள். எந்தெந்தப் பட்டன்கள் இருக்கின்றன, "மறுக்கிறேன்" என்ற ஒன்று இருக்கிறதா என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு மின்னஞ்சலில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விதிமுறை மாற்றக் கடிதம் பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே வந்து விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். அமலுக்கு வரும் தேதியும் விலகுவதற்கான கெடுவும் அதில்தான் இருக்கும். புதிய விதிமுறையின் முழு உரையையும் சேமித்துக்கொள்ளுங்கள். பழையது நிறுவனத்தின் தளத்தில் இல்லையென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதே பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் எது மாறியது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போனில் அந்த ஆப்பின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள். பழைய ஆப் இன்னும் பேசிக்கொண்டிருந்தால் அது உங்கள் கையிலிருக்கும் சாவி.

இதற்குப் பிறகு ஒரே ஒரு சோதனை. கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இதன் முடிவு தேவைப்படும்.

ரவுட்டருக்குள் இணையத்தைக் கொண்டுவரும் கம்பியை மட்டும் பிடுங்குங்கள். ரவுட்டர் ஓடட்டும், வைஃபை இருக்கட்டும். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆப் பின்வாசல் வழியாக வெளியே போய்வந்து சோதனையைக் கெடுத்துவிடும். ஒரு பத்து நிமிடம் பொறுத்து, சாதனத்தை ஆப் வழியாக இயக்கிப் பாருங்கள்.

ஆப் வழியாகவே வேலை செய்தால், சாதனத்தின் மூளை உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. நிறுவனம் என்ன சொன்னாலும் உங்களுக்கு வழி உண்டு. ஆப் செத்துவிட்டது, ஆனால் சாதனத்தின் மேலுள்ள பட்டன் வேலை செய்கிறது என்றால் பாதி வீட்டில், பாதி வெளியே. எதுவுமே அசையவில்லை என்றால் மூளை முழுக்க வெளியூர் சர்வரில் இருக்கிறது. நீங்கள் வாங்கியது அதன் கை மட்டும்தான். கதவுப் பூட்டுக்கு இந்தச் சோதனையைச் செய்வதானால் கதவு திறந்திருக்கட்டும், உலோகச் சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்.

## அறிகுறி: டிவி திரை முழுக்க விதிமுறை, "ஒப்புக்கொள்" தவிர வேறு வழியில்லை

2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோக்கு நிறுவனத்தின் டிவிகளிலும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளிலும் நடந்தது இதுதான். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் தீர்ப்பாயத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பிரிவைத் திருத்தி எழுதி, ஒப்புக்கொள்ளும் வரை சாதனத்தைப் பயன்படுத்த முடியாதபடி திரையில் நிறுத்தினார்கள். ஏற்க மறுக்கும் பட்டன் அந்தத் திரையில் இல்லை. ஆனால் விலகும் வழி விதிமுறைக்குள்ளேயே இருந்தது: 30 நாட்களுக்குள் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். ஒப்புக்கொள்ள ஒரு பட்டன், விலகக் காகிதம், உறை, தபால்தலை!

முதலில், டிவிக்குப் போகும் இணையத்தை ரவுட்டரில் தடுத்துவிட்டு டிவியைச் சுவரிலுள்ள பிளக்கிலிருந்து கழற்றுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது, அது உறக்கம்தான். இரண்டு நிமிடம் கழித்து மாட்டுங்கள். அறிவிப்பு ஒவ்வொரு முறையும் சர்வரிலிருந்து வருவதாக இருந்தால் இப்போது திரை வெறுமையாகி, எச்டிஎம்ஐ உள்ளீடு கைக்கு வரும். அப்படி வந்துவிட்டால் டிவியை அப்படியே இணையமில்லாமல் விட்டு, வெளியே ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியை மாட்டிக்கொள்ளலாம். (அந்தப் பெட்டிக்கும் ஒரு விதிமுறை இருக்கும், தெரியும். ஆனால் பெட்டியை மாற்றுவது டிவியை மாற்றுவதை விட மலிவு.)

அறிவிப்பு ஏற்கெனவே டிவிக்குள் இறங்கிவிட்டிருந்தால் இணையத்தைப் பிடுங்கியும் போகாது. அப்போது எச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கும் விளையாட்டுக் கருவியையோ பிளேயரையோ இயக்கிப் பாருங்கள். சில டிவிகளில் அந்தக் கருவி எழுந்தவுடன் டிவி தானாக அதன் உள்ளீட்டுக்குத் தாவும், நடுவிலிருக்கும் திரையைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டும் பலிக்கவில்லை, அழுத்தத்தான் வேண்டும் என்றால் அழுத்துங்கள். ஆனால் மூன்று விஷயங்களோடு: அழுத்திய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் (விலகும் கெடு அன்றிலிருந்து ஓடத் தொடங்கும்), அடுத்தடுத்து வரும் டிக் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள், எல்லாவற்றையும் ஒரே அடியில் ஏற்கும் பெரிய பட்டனைத் தவிருங்கள். கட்டாயமான விதிமுறையோடு கட்டாயமில்லாத விளம்பர ஒப்புதலையும் ஒரே திரையில் அடுக்கிவைப்பது இந்தத் துறையின் பழைய வித்தை. பார்க்கும் காட்சியை அடையாளம் கண்டு விளம்பரத்துக்குத் தகவல் சேகரிக்கும் வசதி சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்" என்ற பெயரிலும் எல்ஜியில் "லைவ் பிளஸ்" என்ற பெயரிலும் ஒளிந்திருக்கும். அதை மறுத்தால் டிவி நின்றுவிடாது. 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து இப்படி ஒப்புதலின்றித் தகவல் எடுத்ததற்காக விசியோ நிறுவனம் 2017ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கட்டியது. அவசரத்தில் நாம் சரி போடும் பெட்டிக்கு அவ்வளவு விலை இருக்கிறது.

## அறிகுறி: கணக்கே இல்லாமல் எரிந்த விளக்கு, இப்போது கணக்கு கேட்கிறது

2023 செப்டம்பரில் பிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளின் ஆப்புக்குக் கணக்கு கட்டாயமாகப் போகிறது என்ற அறிவிப்பு வந்தபோது பலரும் கொதித்தார்கள். கொதிப்பு நியாயம்தான். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் இல்லாத நிபந்தனை அது. ஆனால் பழுது பார்ப்பவன் கண்ணுக்கு இது இருப்பதிலேயே எளிய நோய். ஏனென்றால் இணையக் கம்பியைப் பிடுங்கினாலும் இந்த வகை விளக்குகள் வீட்டுக்குள் பேசிக்கொண்டேதான் இருக்கும். கணக்கு கேட்பது ஆப்தான், விளக்கு இல்லை. ஆகவே ஆப்பை மாற்றினால் போதும்.

வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளை ஒரு சிறு கணினியில் நிறுவுங்கள். 2013ல் தனி ஒருவர் தொடங்கியது, இப்போது ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. விளக்குகளை வீட்டு வலையோடு இணைக்கும் சிறு பெட்டியான ஹ்யூ பிரிட்ஜின் மேலிருக்கும் வட்டப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது நேரடியாக வீட்டு வலையிலேயே இணைந்துகொள்ளும். நிறுவனத்தின் சர்வர் நடுவில் வராது. பிரிட்ஜே வேண்டாம் என்றால், இந்த விளக்குகள் பேசும் ரேடியோ முறையான ஜிக்பீயில் பேசும், யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ஒன்றை வாங்கி விளக்குகளை நேரடியாக அதோடு சேர்க்கலாம். இங்கே மட்டும் விளக்கை ரீசெட் செய்யத்தான் வேண்டியிருக்கும். ஜிக்பீ விளக்கு ஒரு நேரத்தில் ஒரு வலைக்குத்தான் சொந்தம். முதல் விளக்கு புது இடத்தில் ஒழுங்காக எரிகிறது என்று பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

மேட்டர் சின்னம் போட்ட சாதனமா? வெவ்வேறு நிறுவனங்களின் வீட்டுச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த தரநிலை இது. ஒரே சாதனத்தை ஒரே நேரத்தில் பல கட்டுப்பாட்டு மையங்களோடு இணைக்க முடிவது இதன் பெரிய நன்மை. ஆகவே பழைய ஆப் உயிரோடு இருக்கும்போதே, அதிலிருந்து இன்னொரு மையத்துக்கும் இணைப்புக் கொடுத்துவிடுங்கள். ஆப் நாளைக்குக் கதவைச் சாத்தினாலும் இன்னொரு வாசல் திறந்திருக்கும். சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் எண் குறியீட்டையும் கியூஆர் சதுரத்தையும் படம் எடுத்து வையுங்கள். சுவரில் திருகிய பிறகு அதைப் படிக்க ஏணி வேண்டும்.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஒரு வசதி மட்டும் காணோம்

இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் திரையில் எந்தப் பூட்டும் தெரியாது. நேற்று வரை தானாக நடந்த ஒன்று இன்று நடக்காது. நாம் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இணையக் கம்பிச் சோதனைக்குப் பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். காணாமல் போன வசதி நிறுவனத்தின் ஆப்பில் இன்னும் இருக்கிறதா? அதில் இருந்து, வேறு மென்பொருளில் மட்டும் போய்விட்டது என்றால் வெளியாருக்கான வழியை அடைத்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் சேம்பர்லின் நிறுவனம் தன் மைக்யூ கராஜ் கதவுகளுக்கு அனுமதியில்லாத வெளி மென்பொருள்கள் எதுவும் பேச முடியாதபடி செய்தது. தன் நெஸ்ட் சாதனங்களோடு வெளியார் கருவிகள் பேச உதவிய "வொர்க்ஸ் வித் நெஸ்ட்" திட்டத்தில் கூகுள் 2019 ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய இணைப்புகளை நிறுத்தியதும் இதே வகை. இதற்கு மருந்து, சர்வரோடு சண்டை போடாமல் கம்பியில் இறங்குவது. கராஜ் கதவுக்குச் சுவரில் ஒரு பட்டன் இருக்குமே, அது பழைய மாடலில் வெறும் இரண்டு கம்பிகளைத் தொடவைக்கும் சுவிட்ச்தான். அதே வேலையை ஒரு சிறிய வைஃபை ரிலே, அதாவது வைஃபை வழியாக இயக்கும் சுவிட்ச், செய்யும். புதிய மாடல்களில் அந்தக் கம்பியில் குறியாக்கம் செய்த செய்தி ஓடும், ரிலே மட்டும் போதாது. அதற்கென்றே ரேட்கிடூ என்ற சிறு பலகையை ஒரு ஆர்வலர் உருவாக்கினார், அது மோட்டாரோடு அதன் மொழியிலேயே பேசும்.

இன்னொரு பாடமும் உண்டு. 2024 ஜனவரியில் ஹையர் நிறுவனம் தன் வீட்டு உபகரணங்களை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் மென்பொருளை எழுதிய ஒருவருக்குச் சட்ட எச்சரிக்கை அனுப்பியது. ஊர் கூடிச் சத்தம் போட்டதும் சில நாட்களிலேயே இறங்கிவந்து பேசியது. புகார் எழுதுவது வீண் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் ஆப்பிலேயே வசதி இல்லை என்றால் அதை விதிமுறையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். 2025 மார்ச் 28 முதல் அமேசான் எக்கோவில் "குரல் பதிவுகளை அனுப்பாதே" என்ற தேர்வு போனது இப்படித்தான். அமெரிக்காவில் சில மாடல்களில் மட்டுமே இருந்த வசதி அது. பதிவைச் சேமிக்காமல் அழிக்கச் சொல்லும் தேர்வு மிச்சமிருந்தது, ஆனால் குரல் வீட்டை விட்டு வெளியே போவதை அது தடுக்காது. இதற்கு வீட்டுக்குள்ளேயே கம்பி வேலை எதுவும் இல்லை. மைக்ரோபோனை அணைக்கும் பட்டனை அழுத்திவிட்டு அதை வெறும் ஸ்பீக்கராக வைத்துக்கொள்ளலாம், அல்லது பேச்சை வீட்டுக் கணினியிலேயே புரிந்துகொள்ளும் வேறு சாதனத்துக்கு மாறலாம்.

## அறிகுறி: இலவசமாக ஓடியது, இனி மாதச் சந்தா

விங்க் நிறுவனம் 2020 மே மாதம் இதைச் செய்தது. மாதம் 4.99 டாலர் கட்டினால்தான் ஹப் (வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டி) வேலை செய்யும் என்று ஒரு வார அவகாசத்தில் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சற்றுத் தள்ளிப்போட்டு, ஜூலையில் அமல்படுத்தியது.

செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் கெடுவுக்கு முன் செய்ய வேண்டும். ஹப்போடு சேர்ந்திருக்கும் இசட்-வேவ் (இதுவும் ஜிக்பீ போன்ற ஒரு ரேடியோ முறை) கருவிகளை அந்த ஹப்பிலிருந்தே முறையாக விலக்குங்கள். ஹப் செத்த பிறகும் வேறொரு கட்டுப்படுத்தியால் விலக்க முடியும், ஆனால் கருவி கருவியாகப் போய்ப் பட்டன் அழுத்த வேண்டியிருக்கும். எந்தச் சென்சார் எந்த அறை, எந்த நேரத்துக்கு எந்த விளக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹப் போனால் அந்த ஞாபகமும் அதோடு போய்விடும். சந்தா ஒரு மாதம் கட்டி அவகாசம் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

## அறிகுறி: மறுத்துவிட்டேன், இப்போது மெல்ல மெல்லத் தேய்கிறது

2017ல் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது, ஏற்காதவர்களுக்கு மென்பொருள் அப்டேட் கிடைக்காது, காலப்போக்கில் சாதனம் வேலை செய்யாமலே போகலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. நான் இதை நேர்மையான மிரட்டல் என்பேன். பலர் மிரட்டலைக்கூடச் சொல்வதில்லை.

தேய்வது நிறுவனத்தாலா, நாம் போட்ட தடையாலா என்று முதலில் பிரியுங்கள். ரவுட்டரில் சாதனத்தின் இணையத்தை முழுக்க அடைத்தவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இது: ஆறு மணிக்கு எரிய வேண்டிய விளக்கு ஆறேகாலுக்கு எரியும், வாரம் போகப் போக இன்னும் விலகும். சாதனத்தின் கடிகாரம் சரியான நேரத்தை இணையத்திலிருந்து என்டிபி என்ற முறையில்தான் கேட்டு வாங்குகிறது. அதையும் சேர்த்து அடைத்துவிட்டோம். யுடிபி 123 என்ற போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள், அல்லது ரவுட்டரையே நேரம் சொல்ல வையுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு நேரம் 1970க்கு ஓடிப்போகும் சாதனங்களும் இதில் குணமாகும்.

கடிகாரம் சரி, ஆனாலும் ஆப் "இணைக்க முடியவில்லை" என்கிறதா? தடையை ஒரு மணி நேரம் எடுத்துப் பாருங்கள். உடனே சரியானால் தடைதான் காரணம். சாதனங்கள் தேடும் இணைய முகவரிகளைக் காட்டி, வேண்டாதவற்றை அடைக்கும் பை-ஹோல் போன்ற டிஎன்எஸ் வடிகட்டி ஒன்றை வைத்து, சாதனம் எந்தெந்த முகவரியைத் தேடுகிறது என்று ஒரு நாள் கவனித்து, விளம்பரமும் கண்காணிப்பும் தொடர்பானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அடையுங்கள். தடையை எடுத்தும் சரியாகவில்லை என்றால் பழைய ஃபர்ம்வேரின் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். அதற்கு அப்டேட் தவிர மருந்தில்லை, அப்டேட்டுக்கு ஒப்புதல் தவிர வழியில்லை. பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கேமராவையும் பூட்டையும் கொள்கைக்காக இணையத்தில் தொங்கவிட நான் சொல்லமாட்டேன். அவற்றை வலையிலிருந்து கழற்றுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

## அறிகுறி: சர்வரே இல்லை

ரிவால்வ் ஹப்பின் சர்வர் 2016 மே மாதம் நின்றது, இன்ஸ்டியான் வீட்டுச் சாதனங்களுடையது 2022 ஏப்ரலில். இரண்டாவது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இருண்டது. அந்த நேரத்தில் ரீசெட் செய்தவர்களின் ஹப்புகள் மீண்டும் எழ வழியில்லாமல் கிடந்தன, தொடாமல் விட்டவர்களுக்கு உள்ளே இருந்த அட்டவணைகளாவது ஓடின. சில வாரங்களில் பயனர் குழு ஒன்று நிறுவனத்தின் சொத்தை வாங்கி சர்வரை மறுபடி ஏற்றியது. முதல் வரியில் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

## அறிகுறி: "ஒப்புக்கொள்" பட்டனை வேறு யாரோ அழுத்திவிட்டார்கள்

மாட்ட வந்தவர், குழந்தை, விருந்தாளி, யாராகவும் இருக்கலாம். பதற வேண்டாம். ஒப்புதல் பதிவான தேதியை மின்னஞ்சலிலோ ஆப்பின் கணக்குப் பகுதியிலோ கண்டுபிடித்து, விலகும் கெடு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்க் கட்டாயமில்லாத ஒப்புதல்களைத் திரும்பப் பெறுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 7வது பிரிவு, ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. 2019/770 என்ற எண்ணுள்ள வழிகாட்டு ஆணையின் 19வது பிரிவுப்படி, டிஜிட்டல் சேவையில் செய்த மாற்றம் உங்கள் பயன்பாட்டைச் சிறிதளவுக்கு மேல் பாதித்தால் 30 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றித் தங்கள் நுகர்வோர் சட்டம் சொல்வதைத் தேடிப் பாருங்கள்.

எந்த நாடானாலும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போகட்டும். கோபத்தை நண்பர்களிடம் கொட்டிக்கொள்ளுங்கள். கடிதத்தில் இவ்வளவு போதும்:

"இந்த மாடல், இந்த வரிசை எண் கொண்ட சாதனத்தை இந்தத் தேதியில் வாங்கினேன். வாங்கியபோது இருந்த விதிமுறையில் இன்ன வசதிக்கு இன்ன நிபந்தனை கிடையாது. இந்தத் தேதியில் நீங்கள் விதிமுறையை மாற்றி, ஏற்காமல் சாதனத்தைப் பயன்படுத்த முடியாதபடி செய்திருக்கிறீர்கள். நடுவர் தீர்ப்பாயப் பிரிவிலிருந்து விலகுகிறேன். பழைய நிபந்தனையிலேயே சாதனம் இயங்க வழி செய்யுங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். 14 நாட்களுக்குள் பதில் வேண்டும்."

நடுவர் தீர்ப்பாயம் பற்றிய வரி உங்கள் விதிமுறையில் அப்படி ஒரு பிரிவு இருந்தால் மட்டும். நகல் ஒன்றை விற்ற கடைக்கும் அனுப்புங்கள், பல நாடுகளில் முதல் பொறுப்பு அவர்களுடையதுதான். மின்னஞ்சலில் அனுப்பினாலும், விதிமுறை தபால் கேட்டால் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ரசீதை, முதலில் எடுத்த அந்தத் திரையின் புகைப்படத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.